எதிர்க்கரை முன்னுதாரணம்

"இந்தக் கட்டடத்துல பாரம்பரியம் எங்கேம்மா இருக்கு? குழாயைத் திறந்தா துருதான் கொட்டுது!"

குடியிருப்போர் சங்கத் தலைவர் பியோ மான்சிக், கூட்டம் நடந்த அறையின் சுவரில் ஓங்கித் தட்டினார். உதிர்ந்த காரை அவர் தலையிலேயே விழுந்தது. அதையும் சாட்சியாகக் காட்டினார்.

சியோல் மாநகராட்சியிலிருந்து வந்திருந்த யூரிம் பணிவாகக் குறித்துக்கொண்டாள்.

இருபது வருடம் காத்திருந்து, போன வாரம்தான் குடியிருப்பை இடித்துக் கட்ட அனுமதி வந்தது. வாசலில் பெரிய பேனர்: 'வாழ்த்துகள்! நம் கட்டடங்கள் ஆபத்தானவை என உறுதியாகிவிட்டது!' வீடு வீடாக அரிசி கேக்கும் கொடுத்தாயிற்று. இப்போது வந்து, ஏழாம் பிளாக்கை மட்டும் இடிக்கக் கூடாது, நினைவுச் சின்னமாக நிறுத்த வேண்டும் என்கிறாள். அப்படியானால் வரைபடம் மறுபடி முதலிலிருந்து. இன்னும் பத்து வருடம்.

மான்சிக்குக்கு எழுபத்தொன்று. குடியிருப்பது ஏழாம் பிளாக், ஐந்தாம் மாடி. லிஃப்ட் கிடையாது. மூட்டுவலிக்கார மனைவிக்கு லிஃப்ட் வைத்த வீடு தருவதாகச் சொல்லிச் சொல்லியே மனிதர் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க பிளாக்குல ஒரு சரித்திரமும் நடக்கலைம்மா," என்று கெஞ்சினார். "ஒருத்தர்கூட உருப்படலை. வேணும்னா விசாரிச்சுப் பாரு."

"நாங்களா முடிவு பண்ணலைங்க ஐயா. நாலு வருஷம் முன்னாடி ஓடைக்கு அந்தப் பக்கம், ஓடையைப் பார்த்த பிளாக் ஒண்ணை நிறுத்தி வெச்சோம். அது முன்னுதாரணமாயிடுச்சு. இங்கே ஓடையைப் பார்த்து நிக்கறது ஏழாம் பிளாக்தான்."

"அங்கே மட்டும் ஏன் நிறுத்துனீங்களாம்?" மூன்றாம் மாடி துக்சூன் கேட்டாள்.

"ஒருத்தர் மனு போட்டாருங்க. பதினோரு பக்கம். படிச்சுட்டு கமிட்டியில ரெண்டு பேர் அழுதுட்டாங்க."

"எந்தக் கட்டையில போறவன் அவன்? கையில கிடைச்சான்னா கிம்ச்சி ஊறுகாய் ஜாடியில போட்டு மூடிடுவேன்!"

"மூடி, மேல கல்லையும் வைக்கணும்!" என்றார் மான்சிக், எல்லோரையும்விட உரக்க. "அடுத்தவன் வீடு உசந்தா பொறுக்காத ஜென்மம்!"

"ஆளு யாருன்னு கேளுங்க தலைவரே!"

"எதுக்கு? பேர் தெரிஞ்சா உனக்குக் கோபம்தான் வரும். ஏற்கெனவே உனக்கு ரத்தக்கொதிப்பு."

ஆட்சேபக் கடிதத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். தலைவரின் அக்கறையை மெச்சியபடியே கலைந்தார்கள்.

மான்சிக்கும் கிளம்பப் பார்த்தார். யூரிம் கதவைச் சாத்திவிட்டு வந்து, இடுப்பு வளையக் குனிந்து வணங்கி, இரண்டு கையாலும் ஓர் உறையை நீட்டினாள்.

"பாராட்டுப் பத்திரம் ஐயா. தபால்ல அனுப்பினா யார் கண்ணிலயாவது பட்டுடும்னு நானே கொண்டுவந்தேன். உங்க பதினோரு பக்கத்தைத்தான் இப்போ புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கெல்லாம் பாடமா வைக்கறோம்."

உறையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு ஐந்து மாடியும் ஏறினார் மான்சிக். அக்கரையில் முப்பத்தைந்து மாடி எழும்பினால் தன் பால்கனி வெயில் போய்விடுமே என்றுதான் அன்று அந்த மனுவை எழுதினார். வெயில் பிழைத்துக்கொண்டது, பால்கனியோடு சேர்த்து.