இரண்டு கூற்றுகள்

வங்கித் தேர்வுப் பயிற்சி மையத்தில் 'தரவு போதுமா' கணக்குகளை நடத்துகிறவள் பூங்கொடி. "விடையைத் தேடாதீங்க. கொடுத்திருக்கிற ரெண்டு கூற்றும் விடைக்குத் தனித்தனியா போதுமா, சேர்ந்தா போதுமான்னு மட்டும் பாருங்க" என்று விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. ஆடி மாதம் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன தம்பி இளவழகனைப் போலீஸார் இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"அவனா இருக்காது, பாத்துட்டு வா" என்று அம்மா பிணவறைக்கு வெளியே பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ரயிலில் அடிபட்ட உடல். முகம் இல்லை. "நீங்க புகார்ல சொன்ன அதே நீலக் கட்டம் போட்ட சட்டை. சொன்ன மாதிரியே இடது முழங்கால்ல தையல் தழும்பும் இருக்கு. தம்பிதானேம்மா?" என்றார் ஏட்டு.

அந்தச் சட்டை எத்தனையோ பேரிடம் இருக்கும். தழும்பும் அப்படித்தான். இரண்டும் ஒரே உடம்பில் இருந்தால் என்ன விடை என்பது அவளுக்குத் தெரியும்.

"இதை வெச்சு சொல்ல முடியாது சார். போதாது."

"அப்ப அடையாளம் தெரியாத பொணம்னு எழுதிடட்டுமா?"

தலையாட்டிவிட்டு வாசல்வரை போனாள். பிறகு திரும்பி வந்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதங்களின்மேல் துணியை இழுத்துப் போர்த்தினாள்.