பகல் தூக்கம்

அழைப்பு மணியை அழுத்த விரலை நீட்டும்போதே கதவு திறந்துவிட்டது.

"மணி அடிச்சிடாதீங்க அண்ணி! மருமக தூங்கறா." உதட்டில் விரலை வைத்தபடி நின்றாள் தம்பி பெண்டாட்டி.

பெரிய அத்தைக்குச் சுர்ரென்று ஏறியது. பட்டப்பகலில் தூக்கமாம்! அந்த மகாராணியை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு, சாயங்கால விமானத்தில் ஊர் போய்ச் சேரலாம் என்றுதானே பெட்டியும் கையுமாக வந்திருந்தாள்?

கோபம் இருக்காதா பின்னே? அத்தனை பெரிய சொந்த வீடு நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கும்போது, புருஷனையும் இழுத்துக்கொண்டு இந்தப் புறாக்கூண்டில் தனிக்குடித்தனம். கேட்டால், விமான நிலையம் பக்கமாம். இவள் பைலட் வேலை பார்த்தால் ஓடுபாதையிலேயே பாய் விரிக்க வேண்டும் என்று சட்டமா என்ன?

தம்பி பெண்டாட்டி விட்ட இடத்துக்குத் திரும்பிப் போனாள். சாப்பாட்டு மேசைமேல் பழைய போர்வையை விரித்து, மருமகளின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்குடியம்மா! மருமக தூங்கறா, மாமியார் அந்தக் கோடியிலேர்ந்து வந்து துணி தேய்க்கறா!"

"மெதுவா அண்ணி."

அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் மொட்டைமாடியை உரசுவதுபோலப் போயிற்று. ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது.

"இந்தச் சத்தத்துல எழுந்திருக்காதவ என் சத்தத்துலயா எழுந்துடப் போறா?"

"விமானம் எத்தனை போனாலும் அசைய மாட்டா அண்ணி. மனுஷக் குரல் கேட்டாப் போதும், எழுந்து உட்கார்ந்துடுவா."

வேறு வழியில்லை. பெரிய அத்தை தன் வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் கிசுகிசுத்துச் சண்டை போட்டாள்.

"ஏம்மா, போன வருஷம் நாங்க குடும்பத்தோட வந்து இறங்கினப்ப எப்படி இருந்தா இந்தப் பொண்ணு! அத்தனை பேருக்கும் காலையிலேர்ந்து நின்ன இடத்துல நின்னு சமைச்சுப் போட்டாளே. ஒரு முகம் சுளிச்சாளா? அப்படிப்பட்டவளுக்கு நாங்க போன ஒரே மாசத்துல குடும்பம் கசந்துடுச்சா?"

தம்பி பெண்டாட்டி சட்டைக் காலரைத் திருப்பினாள்.

"அந்தப் பயணமே உருப்படலைன்னு வை. திரும்பிப் போறப்ப, கடைசி நேரத்துல எவனோ ஒரு பைலட் ஓட்ட மாட்டேன்னுட்டானாம். நாலு மணி நேரம்! பேரப்பிள்ளைங்க வெறுந்தரையில சுருண்டு கிடந்துச்சுங்க. கவுண்டர்ல நான் போட்ட போட்டுல அங்கே இருந்த பையன் அழுதே போயிட்டான். பொறுப்பில்லாத பசங்க! அதை விடு. நீ இவளைக் கண்டிக்கவே இல்லையா? உன் பிள்ளையைப் பிரிச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கா!"

"அவ எங்கே போனா அண்ணி? நான்தான் துரத்தினேன்."

பெரிய அத்தைக்குக் காதில் விழுந்தது சரிதானா என்றே சந்தேகம்.

"நீயா?"

"நானேதான். போக மாட்டேன்னு அழுதா. கேக்கலையே நான். இந்தத் தெருவுல படி ஏறி இறங்கி வீடு பார்த்ததும் நான்தான்."

"பைத்தியமா உனக்கு?"

தம்பி பெண்டாட்டி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"நீங்க வந்திருந்தப்ப அவ வீட்டுல இருந்தாளே, அதை லீவுன்னுதானே நாம நினைச்சோம்? லீவு இல்லை அண்ணி. அதுக்குப் பேரு ஸ்டாண்ட்பை. எவனுக்காவது உடம்பு முடியலைன்னா இவளைக் கூப்பிடுவாங்க, உடனே ஓடணும். அதுவரைக்கும் படுத்து ஓய்வெடுக்கணும். நாம எங்கே விட்டோம்? வந்தவங்க தப்பா நினைப்பாங்கன்னு அவளும் வாயைத் திறக்கலை."

"சரி, அதுக்கென்ன?"

"நீங்க எல்லாம் கிளம்பின கொஞ்ச நேரத்துல கூப்பிட்டுட்டாங்க. அந்தக் கோடியிலேர்ந்து இந்தக் கோடி, ரெண்டு மணி நேரம். தானே காரை ஓட்டிட்டுப் போயிருக்கா. வழியில ஒரு சிக்னல்ல கண்ணு சொருகிடுச்சு. பின்னாடி வண்டிக்காரன் ஹாரன் அடிச்சுத்தான் முழிச்சிருக்கா."

"ஐயையோ!"

"நேரா ஆபீசுக்குப் போய், 'சிக்னல்ல தூங்கிட்டேன். இன்னிக்கு நான் விமானத்தைத் தொட்டா தப்பு'ன்னு சொல்லிட்டா. மேலதிகாரி கத்தினாராம், விசாரணை வெச்சாங்களாம். சொன்னதையே சொன்னாளாம். வீட்டுல விருந்தாளி, சமையல்னு மட்டும் ஒரு வார்த்தை வெளியே விடலை." அவள் முகம் விளக்குப் போட்டதுபோல இருந்தது. "வேலையே போனாலும் பரவாயில்லைன்னு நின்னிருக்கா அண்ணி, என் மருமக! அவளைப் பத்து நிமிஷத் தூரத்துல தூங்க வைக்கக்கூட எனக்குத் துப்பில்லைன்னா நான் என்ன மாமியார்?"

பெரிய அத்தை மூடிய படுக்கையறைக் கதவையே பார்த்தாள்.

"அது... எந்த விமானம்?"

தம்பி பெண்டாட்டி சட்டைத் தோளில் தங்கக் கோடு போட்ட பட்டையை மெல்ல மாட்டினாள்.

"நீங்க நாலு மணி நேரம் திட்டித் தீர்த்தீங்களே, அதுதான் அண்ணி."

அப்போது பெரிய அத்தையின் கைப்பைக்குள் போன் அலறியது. அடித்துப் பிடித்து எடுத்தாள். எதிர்முனையில் மகள், வழக்கம்போல ஊருக்கே கேட்கும் குரலில், "என்னம்மா, அவளை நல்லா நாலு வார்த்தை கேட்டியா?" என்றாள்.

"ஏண்டி கத்தறே?" பெரிய அத்தை முந்தானையால் போனையும் வாயையும் சேர்த்துப் பொத்திக்கொண்டாள். "மெதுவாப் பேசு. நம்ம வீட்டு பைலட் தூங்கறா!"