வயிற்றின் மேல் ஒரு குரல்

பெல்ட் அலறியது.

வாடகைத்தாய்கள் தங்கும் விடுதி அது. ஏழு மாத வயிற்றுக்காரி தன் வயிற்றில் கட்டியிருந்த பெல்ட்டைக் கழற்றிக் கட்டிலில் எறிந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழற்றினாலே ஊரைக் கூட்டிவிடும் சாமான்.

அதற்குள் ஒரு சின்ன ஸ்பீக்கர். ‘கண்ணு, அம்மா பேசறேன்டா’ என்று பிள்ளைக்கு உரியவளின் குரல் நாள் முழுக்க ஓடும். பிறக்கும் முன்பே பழகிவிட வேண்டுமாம்.

நர்ஸ் கெஞ்சினாள், அதட்டினாள். அந்த அம்மாவை நேரில் பார்க்காமல் கட்ட மாட்டேன் என்று இவள் ஒற்றைக் காலில் நின்றாள்.

வேண்டாத பிள்ளையாக வளர்ந்தவள் இவள். ஆசைப்பட்டுக் கேட்கிற கையில்தான் கொடுப்பேன் என்று முதல் நாளே சொல்லித்தான் சுமக்கச் சம்மதித்தாள்.

அம்மா வரவில்லை. அவள் கணவர்தான் ஓடி வந்தார். மனைவி வெளியூரில் என்று சாதித்துக்கொண்டிருந்தவர், நாற்காலியில் சரிந்து உண்மையைக் கக்கினார்.

அவள் இறந்து ஒரு வருஷமாகிறது. அதற்கு முன்பே உறைய வைத்த கரு இது. குரல் கம்ப்யூட்டர் செய்தது. பழைய வாய்ஸ் மெசேஜ்களைக் கொடுத்தால், நாம் எழுதித் தருவதை அதே குரலில் பேசும்.

இவள் பெல்ட்டை இன்னும் தள்ளி வைத்தாள். இத்தனை நாள் அந்தக் குரலுக்கு ‘உம்’ கொட்டியிருக்கிறாள்.

“குழந்தைன்னா அவளுக்கு உயிரும்மா” என்று கண்ணைத் துடைத்தார்.

அப்படியானால் அவள் நிஜமாகப் பேசியது ஒன்றைக் கேட்க வேண்டும் என்றாள் இவள்.

மனைவியின் மெசேஜ் என்றால் தொடக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு ‘சரி’ போடுகிற ரகம் அவர். இருப்பதிலேயே நீளமானதைத் தேடி எடுத்தார். அதன் கீழேயும் ஒரு ‘சரி’. போனை பெல்ட்டோடு இணைத்தார். இவள் கட்டிக்கொண்டாள்.

மனைவியின் குரல் ஓடியது. சமையல் கேஸ் தீர்ந்துவிட்டது. பூனை மறுபடியும் அலமாரிக்குள் குட்டி போட்டிருக்கிறது. ஒரு சிரிப்பு. நர்ஸும் சிரித்தாள். உள்ளே பிள்ளை உதைத்தது.

பிறகு குரல் தணிந்தது. இவ்வளவு தூரம் நீங்கள் கேட்க மாட்டீர்கள், தெரியும் என்றது.

அவர் கை பெல்ட்டை நோக்கிப் பாய்ந்தது. இவள் அதைத் தட்டிவிட்டு இரண்டு கையாலும் ஸ்பீக்கரைப் பொத்திக்கொண்டாள்.

விரல்களுக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

“உறைய வெச்சிருக்கிற கருவை ஆஸ்பத்திரியில வேண்டாம்னு சொல்லிடுங்க. எனக்குக் குழந்தை வேண்டாம். நான் இல்லாம போனாலும் வேண்டாம்.”