உடன்பாட்டு வினை

"இது தாங்காதுங்ணா."

எஞ்சினைத்தான் சொன்னான்.

சிங்காநல்லூர்ப் பணிமனையில் காரின் முன்மூடி திறந்திருந்தது. சற்றுத் தள்ளி, பிளாஸ்டிக் நாற்காலியில் அவன் மனைவி. ஒன்பதாம் மாதம். கால்கள் வீங்கியிருந்தன.

மின்விசிறியை எஞ்சின் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள்.

மேசைமேல் இரண்டு பெட்டிகள். பந்தயத்தில் காரின் வேகத்தைக் கூட்ட, எஞ்சினுக்குள் நைட்ரஸ் ஆக்சைடு செலுத்தும் கருவிகள். ஒன்று வாயுவை மட்டும் செலுத்தும். அதற்கேற்ற கூடுதல் பெட்ரோலை எஞ்சினே பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றது வாயுவோடு பெட்ரோலையும் சேர்த்துத் தெளிக்கும்.

பணிமனைக்காரர் பூபதி இரண்டையும் விளக்கினார். அவள் கணவன் இரண்டு பெட்டிகளையும் மாறிமாறிப் பார்த்தான். முடிவெடுக்க முடியாமல் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தான்.

"அதுபாட்டுக்கு விட்டா திணறிப்போயிருமுங்ணா. பாவம். ரெண்டாவதையே மாட்டிருங்."

பாவம்.

காலையில், மருத்துவமனையில், அந்தச் சொல் அவன் வாயில் வரவில்லை.

பிரசவ வலி தணிய வாயு தருவதுண்டு என்றார் மருத்துவர். ஆக்சிஜன் கலந்த நைட்ரஸ் ஆக்சைடு. முகமூடியை அவளே பிடித்துக்கொள்ளலாம். வேண்டும்போது இழுக்கலாம், போதுமென்றால் விலக்கலாம். வேண்டுமா என்று அவளைப் பார்த்துத்தான் கேட்டார்.

பதில் பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தது.

"அதெல்லாம் எதுக்குங் டாக்டர்? மொதக் கொழந்தையையே சத்தமில்லாமப் பெத்தவ. தாங்குவா."

சற்றுப் பொறுத்து, "சிரிப்பு கேஸுதானுங்களே அது? பெத்துக்கற எடத்துல சிரிச்சுட்டுக் கெடந்தா நல்லாவா இருக்கும்?" என்றான்.

அவன் மட்டும் சிரித்தான்.

முதல் பிரசவத்தில் அவள் கத்தியது அந்தத் தளம் முழுவதற்கும் கேட்டது. கேட்காதவன் அவன் ஒருவன். வெளியே, காருக்கு நிழல் தேடிக்கொண்டிருந்தான்.

அவள் கல்லூரியில் இலக்கணம் நடத்துகிறவள்.

தாங்காது: எதிர்மறை வினை.

தாங்குவாள்: உடன்பாட்டு வினை.

யாருடைய உடன்பாடு என்று எந்த நூற்பாவும் கேட்பதில்லை.

எஞ்சின் அஃறிணை. அவள் உயர்திணை. அவனது இரக்கம் அஃறிணையோடு நின்றுவிட்டது.

பூபதி ஒரு நீல உருளையைத் தூக்கி மேசைமேல் வைத்தார்.

"ஆஸ்பத்திரில வலிக்குக் குடுக்கறாங்கல்ல தம்பி, அதே கேஸுதான். இதுல கந்தகம் கலந்துருவாங்க. ஆராச்சும் மோந்து பாத்தா கொமட்டோணும்னு."

"அதே கேஸுங்ளா!"

அவன் வியந்தான். உருளையை விரலால் தட்டினான்.

இப்போது திரும்புவான் என்று அவள் காத்திருந்தாள். காலையில் கேட்டதும் இப்போது கேட்டதும் ஒன்றென்று அவனுக்குப் படாமல் இருக்க முடியாது. ஒரு முறை திரும்பிப் பார்த்தால் போதும்.

அவன் எஞ்சின்மேல் குனிந்தான்.

"எடுத்த எடுப்புல முழுசா அடிச்சா அதிர்ந்து போயிருமுங்ணா. கொஞ்சங் கொஞ்சமா ஏத்தறதுக்கு ஒரு கண்ட்ரோலரும் சேத்துப் போட்டுருங். நோகக் கூடாது."

வயிற்றுக்குள் குழந்தை புரண்டது.

நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி அவள் எழுந்தாள். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. வாசலுக்கு வந்து மருத்துவமனையை அழைத்தாள். செவிலி எடுத்ததும் தன் பெயரைச் சொன்னாள்.

"காலைல டாக்டர் சொன்ன கேஸு எனக்கு வேணுங்க. எழுதி வெச்சுக்குங்க."

"சார் வேண்டாம்னுட்டுப் போனாருங்களே. அவருகிட்டக் கேட்டுட்டீங்களா மேடம்?"

அவள் திரும்பிப் பார்த்தாள். உள்ளே, எஞ்சினுக்கு மேலே, அவன் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். வெளிச்சம் அசையாதபடி மிகுந்த கவனத்தோடு.

"கேக்கலைங்க," என்றாள்.

"அவரு தாங்குவாரு."