நுனிக் கயிறு

மனைவி இறந்த பிறகு பாய்மரப் படகை விற்றுவிடச் சொல்லி அவரை நச்சரித்தான் மச்சினன்.

"அந்தப் பெரிய பாயை மடக்க ரெண்டு ஆள் வேணும் அத்தான். ஒத்தையா என்ன பண்ணுவீங்க?"

அதற்காகவே அவர் பாய் சுருட்டும் கருவியை வாங்கினார். படகின் மூக்கில் ஓர் உருளை. அதன் கயிற்றைப் பின்னால் உட்கார்ந்தபடியே இழுத்தால், பின்காற்றுக்கு விரிக்கும் பெரிய பாய் சுருண்டுகொள்ளும். ஆனால் பாயின் நுனிக் கயிற்றை இன்னொரு கை விறைப்பாகப் பிடித்திருக்க வேண்டும். விட்டால் பாய் தொளதொளவென்று சுருண்டு, அடுத்த காற்றில் பிய்த்துக்கொள்ளும்.

பொருத்திய அன்று மதியம் துறையிலேயே சோதித்தார். பதற்றத்தில் இரண்டு கைகளாலும் உருளைக் கயிற்றையே இழுத்துவிட்டார். முடித்த பிறகுதான் நுனிக் கயிறு ஞாபகம் வந்தது.

கரையில் நின்ற மச்சினன் விசிலடித்தான். "அடேயப்பா, கம்பு மாதிரி சுருண்டிருக்கே! இனி நான் வாயத் திறக்கல. நீங்களே வச்சுக்குங்க." கையாட்டிவிட்டுக் கிளம்பினான்.

அவர் திரும்பிப் பார்த்தார். நுனிக் கயிறு மனைவி வழக்கமாக உட்காரும் பலகைவரை வந்து, அந்தரத்தில் நின்றது. காற்று இல்லை. கயிறு விறைப்பாகவே இருந்தது.

அந்தக் காலத்தில் பாயை இறக்கும்போது அந்தக் கயிறு அவள் கையில்தான் இருக்கும். "போதும், விடும்மா" என்று அவர் சொல்லும்வரை, உள்ளங்கை சிவந்தாலும் விடமாட்டாள்.

இருட்டும்வரை அவர் அந்தப் பலகைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். "போதும்" என்று மட்டும் சொல்லவில்லை.