வேகமான கேமரா

நத்தை பூவராகனின் மகன் ஓட்டப்பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டான். அதைப் படம் பிடித்தே தீருவதென்று பூவராகனும் மனைவி கோமளமும் அணிலின் கடைக்குப் போனார்கள்.

அணில் இரண்டு சின்ன டிஜிட்டல் கேமராக்களை எடுத்து வைத்தது. "இது தூரத்துல இருக்கிறதைக் கிட்டக் காட்டும். அது, எவ்வளவு வேகமா ஓடுறவங்களையும் கலங்காம எடுக்கும்."

"தூரத்துக்கானதே இருக்கட்டுங்க. பையன் கண்ணுக்கு எட்டாம ஓடிருவான்," என்றாள் கோமளம்.

"ஓடுறவன் கோடு கோடா விழுந்தா ஊருக்கு எப்படிக் காட்டுறது?" என்று அதட்டிவிட்டு, பூவராகன் மற்றதை வாங்கினார். ஆனாலும் வழியெல்லாம் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். படம் சரியாக வராவிட்டால் கோமளம் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள்.

மைதானத்துக்குப் போனதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அமுக்கினார். திரையில் மகன் கொம்பு நுனிவரை பளிச்சென்று விழுந்திருந்தான்.

"பாத்தியா, துளி அசைவு தெரியுதா?" என்று பூவராகன் பூரித்துப்போனார்.

"அப்பா, இன்னும் விசிலே ஊதலப்பா," என்று கத்தினான் மகன்.

பூவராகன் கேமராவை ஆசையாகத் தடவிக் கொடுத்தார். "விசிலுக்கு முன்னாடியே எடுத்திருச்சு, கோமளம்! என்னா வேகம்!"