பள்ளிக்கூட வளைவு

“ஏழு மாசமா அந்த ரோட்டுக்கு நான்தான் சார் வேகத்தடை.”

ஆணையருக்குச் சிரிப்பு வந்தது. அதை மென்று விழுங்கிவிட்டு, எதிரே நின்ற பெண்ணை உட்காரச் சொன்னார். பள்ளிக்கூட வாசலில் ‘நில்’ என்று எழுதிய போர்டைக் காட்டி வண்டிகளை நிறுத்தி, பிள்ளைகளைச் சாலை கடக்க வைப்பது அவள் வேலை. பிள்ளைகளுக்கு அவள் போர்டு அக்கா. அவள் மடியில் கனமான ஒரு மனு இருந்தது. அதில் இரண்டாயிரம் கையெழுத்து.

சாயங்காலம் மாநகராட்சிக் கூட்டம். இந்த வருஷமும் நகரத் தெருக்களில் கார் ரேஸ் நடத்தப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது ஆணையரின் தீர்மானம். அந்தப் பணத்தில் ஊருக்கு வெளியே நிரந்தரமாக ஒரு ரேஸ் டிராக் கட்டுங்கள் என்பது மனு. கூட்டத்துக்கு முன்னால் இவளை எப்படியாவது வழிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று அவர் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார்.

“ரேஸுக்காக வேகத்தடையை எடுத்தோம். திரும்பப் போட்டா போச்சு. இதுக்கு எதுக்கும்மா டிராக்?”

“இதையேதான் சார் ஏழு மாசமா சொல்றாங்க. எடுக்கறதுக்கு டெண்டர் விட்டீங்க, போடறதுக்கு விட மறந்துட்டீங்க. கேட்டா, அடுத்த ரேஸுக்கு மறுபடியும் எடுக்கணுமே, அதுவரைக்கும் சும்மா கிடக்கட்டும்கறார் இன்ஜினீயர்.”

ஆணையர் தண்ணீர் குடித்தார். இன்ஜினீயர் அப்படி எழுதிய கோப்பில் ‘சரி’ என்று கையெழுத்துப் போட்ட புண்ணியவான் அவரேதான்.

எழுந்து ஜன்னல் பக்கம் போனார். மூன்றாம் மாடியிலிருந்து பள்ளிக்கூட வளைவு நன்றாகத் தெரிந்தது. பள்ளி விட்டுப் பிள்ளைகள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். தொளதொள மஞ்சள் மேல்சட்டையும் தொப்பியும் போட்ட யாரோ போர்டை உயர்த்த, வேகமாக வந்த லாரி ஒன்று அடக்க ஒடுக்கமாக நின்றது.

“நீங்க இங்க இருக்கீங்க. அங்க யாரு நிக்கறது?”

“எம் பொண்ணு சார். லீவுக்கு வந்திருக்கா. நீ போய்ப் பேசிட்டு வாம்மா, நான் பார்த்துக்கறேன்னு போர்டைப் பிடுங்கிக்கிட்டா.”

“பரவாயில்லையே, லாரிக்காரனே ஆடிப்போயிட்டான்.”

“எந்த வண்டி எங்க வந்து நிக்கும்னு அவளுக்குப் பார்த்த உடனே தெரியும்” என்றாள். பெண்ணைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது.

அவள் குடும்பக் கதையில் இறங்கிவிடுவாளோ என்று பயந்து, ஆணையர் சுவர்ப் பக்கம் திரும்பினார். சுவரில் பாதியை ஒரு புகைப்படம் அடைத்துக்கொண்டிருந்தது. போன ரேஸில் ஜெயித்த சாம்பியனை, ஹெல்மெட்டைக் கழற்றக்கூட விடாமல், கோப்பையும் கையுமாக நிறுத்தி எடுத்த படம். பக்கத்தில் ஆணையர், முப்பத்திரண்டு பல்லும் தெரிய.

“இந்த ஊர்ப் பொண்ணும்மா. வெளியிலேருந்து வந்த இருபது பேரைப் பின்னால தள்ளிட்டு வந்தா. ஊரே மொட்டை மாடியில நின்னு பார்த்துச்சு. டிராக்கை ஊருக்கு வெளியே போட்டா யார் வந்து பார்ப்பாங்க? ஆடு மாடுதான் மேயும்.”

“நானும் பார்த்தேன் சார், டியூட்டியில நின்னுக்கிட்டு. நம்ம வளைவுல சுவரை உரசற மாதிரி போனா. எனக்கு உசுரு போயிட்டு வந்துச்சு.”

“போர்டைக் காட்டி நிறுத்த வேண்டியதுதானே?” தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார் ஆணையர்.

அவள் சிரிக்கவில்லை. “ரேஸே வேண்டாம்னு நான் சொல்லலை சார். அந்தப் பொண்ணுக்கு இந்த ஊர்ல கார் ஓட்ட வருஷத்துல மூணே நாள். மிச்ச நாளெல்லாம் பழகறதுக்கு ஊர் ஊரா அலையறா. டிராக் இருந்தா வருஷம் முழுக்க ஓட்டலாம். அவளைப் பார்த்து இன்னும் பத்துப் பொண்ணுங்க வருவாங்க. எங்க பிள்ளைங்களும் பயமில்லாம ரோட்டைத் தாண்டும்.”

“டிராக் கட்ட மூணு வருஷம் ஆகும். அதுவரைக்கும் இங்க ரேஸ் கிடையாது. சொந்த ஊர்ல ஜெயிச்ச பட்டத்தை அவ விட்டுக்கொடுத்துட்டு நிக்கணும். யாரோ பெத்த பொண்ணு வயித்துல நீங்க அடிக்கலாமாம்மா?”

அவள் தலை குனிந்தது. “அதை நினைச்சாதான் சார் எனக்கும் ஆறலை” என்றாள் மெதுவாக.

ஆள் மசிந்துவிட்டாள் என்று ஆணையருக்குத் தெம்பு வந்துவிட்டது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

“ஒண்ணு பண்ணுவோம். நான் சொன்னா நீங்க கேட்க மாட்டீங்க, நீங்க சொன்னா நான் கேட்க மாட்டேன். இதோ, இந்தச் சாம்பியன் வாயால, தெருவுல ரேஸ் வேண்டாம், டிராக்தான் வேணும்னு ஒரு வார்த்தை வரட்டும். இன்னிக்குக் கூட்டத்துல உங்க மனுவை நானே எழுந்து படிக்கறேன். வாக்குன்னா வாக்கு.”

போர்டு அக்கா எழுந்தாள். மனுவை அவர் மேஜைமேல் வைத்து, அது சுருளாமலிருக்க அவருடைய தண்ணீர் டம்ளரையே அதன்மேல் எடுத்து வைத்தாள். பிறகு ஜன்னலுக்குப் போய், பூரிப்பு அடங்காத முகத்தோடு கையை நீட்டினாள்.

“முதல் கையெழுத்தே அவளோடதுதான் சார். வாயாலதான் வரணும்னா, வந்து கேளுங்க. அதோ, போர்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா.”